12 காம்பராக்கள், ஒரு வரைபடம்: புசல்லாவையில் ஒரு கட்டடக்கலை மாணவியின் கணினிப் பாடம்

“நாடாவோட நுனிய அந்த மூலையில அமத்திப் புடிங்க அக்கா” என்றார் அவர். நான் பிடித்தேன். மறுமூலைக்குப் போய் அளவை வாசித்தார். அகலம் 10 அடி. ஆழம் 12 அடி. பிறகு கதவு மூலையில் இருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக ஓர் அளவு, மற்ற இரண்டு மூலைகளுக்கும் இடையே இன்னோர் அளவு. ஒன்று 15 அடி 9 அங்குலம், மற்றது 15 அடி 5 அங்குலம்.

“பத்துக்குப் பன்னிரண்டு அறை நேராக இருந்தால் இரண்டும் ஒரே அளவாக, 15 அடி ஏழரை அங்குலம் வரணும். வரல்ல. சுவர் சாஞ்சிருச்சு” என்றார்.

நாங்கள் நின்றது புசல்லாவையில், தேயிலை மலைக்கு நடுவே உள்ள ஒரு லயத்தில். அவர் கட்டடக்கலை படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. தன் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், படிக்கும் நிறுவனத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கணினியில் வரைந்து காட்சிப்படுத்தும் பாடத்துக்கு அவர் இரண்டு ஒப்படைகளைச் செய்தாக வேண்டும். முதலாவது, தான் வாழும் வீட்டை அளந்து வரைவது. இரண்டாவது, இப்போது இல்லாத ஓர் இடத்தை ஒருவரின் நினைவில் இருந்து வரைவது.

கட்டடக்கலை மாணவர்களுக்கு இவை வழக்கமான பயிற்சிகள்தான். ஆனால் லயத்தில் பிறந்த ஒருவருக்கும் போரில் வீடிழந்த ஒருவருக்கும் அவை வெறும் பயிற்சிகள் அல்ல. நம்முடைய வீடுகளை இதுவரை பெரும்பாலும் மற்றவர்கள்தான் வரைந்திருக்கிறார்கள். வரைந்ததை நம்மிடம் காட்டிக் கருத்துக் கேட்டது குறைவு. இந்தப் பாடத்தில் என்ன கற்பிக்கப்படுகிறது, அது நமக்கு எதற்கு உதவும் என்று தெரிந்துகொள்ளவே நான் புசல்லாவைக்குப் போனேன்.

வரைபடத்தை வாசிப்பது எப்படி?

வீட்டுத்திட்டம் ஏதாவது ஒன்றில் பெயர் வந்த எல்லோருடைய கைக்கும் ஒரு ‘பிளான்’ வந்திருக்கும். கையெழுத்து வைத்தோம், வாசித்தோமா என்பது வேறு கேள்வி. வாசிப்பதற்கு அடிப்படையான மூன்று படங்களைத் தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது தளப்படம். வீட்டை நிலத்தில் இருந்து ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில் கத்தியால் வெட்டி, மேற்பகுதியைத் தூக்கி வைத்துவிட்டு, மேலிருந்து பார்ப்பது போன்ற படம். வெட்டப்பட்ட சுவர்கள் தடித்த கோடாகவும், கீழே தெரியும் படி, திண்ணை, அடுப்பு போன்றவை மெல்லிய கோடாகவும் வரும். இரண்டாவது முகப்புத் தோற்றம். வெளியே நேராக நின்று பார்த்தால் தெரிவது. மூன்றாவது வெட்டுமுகம். தோசையை அல்ல, கேக்கை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்ப்பது. கூரையின் உயரம், அத்திவாரத்தின் ஆழம், நிலத்தின் சரிவு எல்லாம் இதில்தான் தெரியும்.

ஒரு திட்டத்தை விற்க விரும்புகிறவர்கள் அதிகம் காட்டுவது முகப்பை. நாம் கேட்க வேண்டியது வெட்டுமுகத்தை. மலையகத்தில் இது உயிரோடு தொடர்பான விடயம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் அபாயமானது என்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். வீட்டின் பின்னால் மலை எத்தனை அடி உயரத்தில் வெட்டப்பட்டிருக்கிறது, மழைநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதை முகப்புப் படம் சொல்லாது. வெட்டுமுகம் சொல்லிவிடும்.

அடுத்தது அளவுத்திட்டம். 1:50 என்றால் படத்தில் 1 சென்ரிமீற்றர், உண்மையில் 50 சென்ரிமீற்றர். இந்தக் கணக்கில் 10 அடிக்கு 12 அடி காம்பரா, தாளில் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றருக்கு 7 சென்ரிமீற்றர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

இங்கேதான் மாணவிக்கு முதல் சிக்கல் வந்தது. ஒப்படையை ஏ1 தாளில் கொடுக்க வேண்டும். அதன் நீளம் 84 சென்ரிமீற்றர், அகலம் 59 சென்ரிமீற்றர். கூடப் படிப்பவர்கள் பலர் தங்கள் வீடுகளை வரைந்தபோது தாள் நிறைந்தது. சிலருக்கு இரண்டு தாள் தேவைப்பட்டது. இவருடைய வீடு தாளின் நடுவில் ஒரு முத்திரை போலக் கிடந்தது. “தாள் வெறுமையாக இருக்கிறது” என்று விரிவுரையாளர் சொன்னாராம். அவர் சொன்னதில் தப்பில்லை என்கிறார் மாணவி. தாள் வெறுமையாகத்தான் இருந்தது.

கணினி கற்றுக்கொடுத்த குறுக்குவழி

தாளை நிரப்ப அவருக்கு ஒரு வழி தோன்றியது. தன்னுடைய ஒரு காம்பராவை மட்டுமல்ல, லயம் முழுவதையும் வரைவது. 12 காம்பராக்கள், ஒவ்வொன்றும் 10 அடி அகலம் என்றால் 120 அடி. 1:50 அளவில் அது 73 சென்ரிமீற்றர். ஏ1 தாளின் நீளத்துக்குச் சரியாகப் பொருந்தியது.

ஆட்டோகேட் மென்பொருளில் இது சில நொடி வேலை. ஒரு காம்பராவை வரைந்து, தெரிவு செய்து, 12 தடவை வரிசையாகப் பிரதி எடு என்று கட்டளை கொடுத்தால் லயம் தயார். கணினியில் வரைவது தொடங்கிய நாளில் இருந்தே இந்த வசதி அதன் உயிர்நாடியாக இருக்கிறது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் ஐவன் சதர்லாண்ட் தனது ஆய்வுக்காக உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பாட்’, கணினித் திரையில் நேரடியாகக் கோடு வரைய வைத்த முன்னோடி மென்பொருள். அதிலேயே மூலப் படம் ஒன்றை வரைந்து, அதன் பிரதிகளை வேண்டிய இடத்தில் எல்லாம் வைக்கலாம். மூலத்தை மாற்றினால் பிரதிகள் எல்லாம் மாறும். 1982இல் வந்த ஆட்டோகேட் இந்த வசதியைச் சாதாரண கணினிகளுக்குக் கொண்டுவந்தது.

அன்றிரவே மாணவி லயத்தை வரைந்து முடித்துவிட்டார். ஒரே மாதிரி 12 பெட்டிகள். பார்த்ததும் தனக்கே ஏதோ பிழையாகப் பட்டது என்றார்.

“எங்க வீட்டுக்குப் பக்கத்து வீட்ல இஸ்தோப்ப மறைச்சு அண்ணனுக்கு ஒரு அறை கட்டியிருக்காங்க. அதுக்கு அடுத்த வீட்ல சின்னதா ஒரு கடை. கடைசி வீட்ல பின்னால குசினி எறக்கியிருக்காங்க. படத்துல ஒண்ணுமே இல்ல. தொரமார் கட்டினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே நான் வரைஞ்சிருக்கேன்.”

அவர் சொன்னதன் பொருளை மலையக வரலாறு தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். புசல்லாவை பழைய தோட்டப் பிரதேசம். இங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் 1840களிலேயே வோர்ம்ஸ் சகோதரர்கள் கோப்பியோடு தேயிலையையும் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராகத் தொடங்கிய 1867க்கும் முந்திய கதை அது. கோப்பிக் காலத்தில் தொடங்கிய லயம் என்ற கட்டட முறை, ஓர் ஆளுக்கும் இன்னோர் ஆளுக்கும் வேறுபாடு இல்லை என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. ஒரு காம்பராவை வரை. வேண்டிய அளவு பிரதி எடு. கணினிக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தோட்டக் கம்பனிகள் அந்தக் கட்டளையைப் பயன்படுத்திவிட்டன.

மறுநாள் அவர் கோப்பை அழித்துவிட்டு, அளவு நாடாவோடு 12 வீட்டுக் கதவையும் தட்டத் தொடங்கினார்.

அளக்க வருகிறவர்கள் மீதான பயம்

எல்லாக் கதவும் உடனே திறக்கவில்லை. “ஆபிசில சொல்லி இடிக்கப் போறாங்களா?” என்று ஒருவர் கேட்டார். “வீடு குடுக்கப் போறாங்களா?” என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு கேள்விக்கும் ‘இல்லை’ என்று சொல்வது சமமான கஷ்டம் என்றார் மாணவி.

வடக்கு கிழக்கு வாசகர்களுக்கு இந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. நாடாவோடும் கோப்போடும் ஒருவர் படலையடியில் நின்றால், கிடைக்கப் போகிறதா பறிக்கப்படப் போகிறதா என்று தெரியாமல் நின்ற நாட்கள் நமக்கும் உண்டு. ஆகவே அவர் சில விதிகளை வைத்துக்கொண்டார். அனுமதி தந்த வீட்டுக்குள் மட்டும் போவது. உள்ளே படம் எடுக்காமல் கையால் மட்டும் குறிப்பது. வரைபடத்தில் பெயரோ வீட்டு இலக்கமோ போடாதிருப்பது. வரைந்ததை முதலில் அந்த வீட்டாருக்கே காட்டுவது. 12இல் 10 வீடுகள் சம்மதித்தன. சம்மதிக்காத இரண்டு காம்பராக்களை வெளிச்சுவர் மட்டும் வரைந்து, உள்ளே வெறுமையாக விட்டார்.

கையால் அளந்த குறிப்புகளைக் கணினிக்கு மாற்றும்போது ‘லேயர்’ என்ற வசதி அவருக்குக் கைகொடுத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் என்று லேயர்களை நினைத்துக்கொள்ளலாம். வழக்கமாகச் சுவர் ஒரு லேயரில், கதவு யன்னல் இன்னொன்றில், தளபாடம் மற்றொன்றில் இருக்கும். தேவையானதைத் திறந்து, தேவையற்றதை மூடலாம். இவர் வேறு விதமாகப் பிரித்தார். தோட்டம் கட்டியது ஒரு லேயர், கறுப்பு. குடியிருப்பவர்கள் கட்டியது ஒரு லேயர், சிவப்பு.

அந்தப் படத்தைத் தன் மடிக்கணினியில் திறந்து எனக்குக் காட்டினார். கறுப்பு லேயரை மட்டும் திறந்தால் அதே 12 பெட்டிகள். சிவப்பையும் திறந்ததும் லயத்தின் முன்னும் பின்னும் ஒழுங்கற்ற கோடுகள் முளைத்தன: மறைத்த இஸ்தோப்புகள், இறக்கிய குசினிகள், கழிவறைகள், தண்ணீர்ப் பீப்பாய் வைக்கக் கட்டிய மேடை, சாமி அறை, கோழிக்கூடு. சில வீடுகளில் சிவப்பின் பரப்பு கறுப்பை நெருங்கியது. தங்களுக்குச் சொந்தமில்லாத கட்டடத்தில், சொந்தக் காசில், சம்பள முற்பணத்தில், சீட்டுப் பணத்தில் மக்கள் பரம்பரை பரம்பரையாகக் கட்டியது எவ்வளவு என்பதை ஒரே பார்வையில் காட்டிய படம் அது. எந்த அறிக்கையிலும் இதை இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

படத்தில் யார் நிற்பது?

தளப்படத்துக்குப் பிறகு முப்பரிமாண மாதிரி. ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருளில் சுவர்களை எழுப்பி, பிறகு ஒளி, நிழல், பொருட்களின் தன்மை ஆகியவற்றைச் சேர்த்துப் புகைப்படம் போன்ற படமாக்குவார்கள். இதற்கு ‘ரெண்டர்’ செய்வது என்று பெயர். பழைய மடிக்கணினியில் ஒரு படத்துக்கு ஓர் இரவு முழுவதும் ஆகலாம். இடையில் மின்சாரம் போனால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். கடைசியாக எல்லாப் படங்களையும் ஃபோட்டோஷொப் போன்ற ஒன்றில் ஒரே தாளாக அடுக்கி அச்சிடுவார்கள்.

நான் ஊடகக் கற்கை படித்த காலத்தில், ஒரு புகைப்படத்தில் எதை வெளியே விடுகிறாய் என்பதும் ஒரு முடிவு என்று சொல்லித் தந்தார்கள். ரெண்டர் படத்தில் அது இன்னும் கூர்மையானது. புகைப்படத்தில் உடுப்புக் கொடி தானாக விழுந்துவிடும். ரெண்டரில் நாம் வைத்தால்தான் இருக்கும். மாணவி செய்த முதல் ரெண்டரில் கொடி இல்லை, சுவரில் புகைக்கரி இல்லை, தகரத்தில் துரு இல்லை. மாலை வெயிலில் லயம் ஒரு சுற்றுலா விடுதி போல மின்னியது. வகுப்பில் பாராட்டும் கிடைத்தது. அடுத்த நாள் அவர் கரியையும் கொடியையும் துருவையும் திரும்பப் போட்டார்.

மனித உருவங்களிலும் இதே கதை. கட்டடத்தின் அளவு புரிவதற்காகப் படத்தில் ஆட்களை நிறுத்துவார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உருவங்களில் பெரும்பாலானவர்கள் கோட் போட்ட வெள்ளைக்காரர்கள். அவர்களை லயத்து வாசலில் நிறுத்தினால் துரை வந்து நிற்பது போலிருந்ததாம். ஆகவே அம்மாவைப் படம் எடுத்து, வெட்டி ஒட்டத் தீர்மானித்தார். கொழுந்துக் கூடையோடு நிற்கச் சொன்னபோது அம்மா மறுத்துவிட்டார்.

“வேலைக்குப் போற கோலத்துல வேணாம் புள்ள. அந்தப் படந்தான் ஊரெல்லாம் கெடக்கே. நான் சேல கட்டிட்டு வந்து நிக்கிறேன்.”

தாளில் அம்மா திருவிழாச் சேலையில், தன் வீட்டு வாசலில் நிற்கிறார்.

கேட்டு வரைந்தவர்களும் கேட்காமல் வரைந்தவர்களும்

குடியிருக்கப் போகிறவரைக் கேட்டுவிட்டு வரைவது புதிய யோசனை அல்ல. அதற்கு நல்ல உதாரணம் புசல்லாவையில் இருந்து கம்பளை வழியாகப் போனால் வரும் கண்டியிலேயே இருக்கிறது. கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா (1918–1998), 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களில் கண்டி வட்டபுலுவவில் அரச ஊழியர்களுக்காக 200க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட திட்டத்தை வடிவமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அவர் முதலில் செய்தது, குடிவரப் போகிறவர்களிடம் வினாக்கொத்தைக் கொடுத்து அவர்களின் வாழ்க்கை முறையைக் கேட்டறிந்தது. பல இன, மதத்தவர்கள் வாழப்போகும் வீடுகள் அவை. பதில்களைக் கொண்டு சில வகை வீடுகளை வரைந்து, ஒவ்வொரு குடும்பத்தின் தேவைக்கும் ஏற்ப மாற்றினார். பிரதி எடுக்கும் கணினி அவரிடம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவர் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

போருக்குப் பிறகு நமக்கு வந்த இரண்டு திட்டங்களை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கு ஒதுக்கப்பட்டன. பெரும்பாலான குடும்பங்களுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அவர்களே முன்னின்று கட்டினார்கள். பணம் போதவில்லை, கடன் ஏறியது என்ற குறைகள் நியாயமானவை. ஆனால் குசினியை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் வீட்டுக்காரருக்கும் ஒரு சொல் இருந்தது. 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தது. ஆர்செலர்மிட்டல் என்ற பன்னாட்டுக் கம்பனியின் முன்தயாரிப்பு வீடுகள். ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். மாதிரி வீடுகளும் கட்டிக் காட்டப்பட்டன. வெப்பம், ஆயுள், பின்னர் விரிவாக்க முடியாமை, செலவு என்று பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேள்வி எழுப்பினார்கள். கடைசியில் அது திட்டமிட்டபடி நடக்கவில்லை. ஒரே வரைபடத்தை 65,000 தடவை பிரதி எடுக்க முயன்ற கதை அது.

மலையகத்துக்கு அதே இந்தியத் திட்டத்தில் 4,000 வீடுகள் வந்தன. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்பது பலரும் அறிந்த அளவு. 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 120 சதுர அடி காம்பராவோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். அதேநேரம், மீதி நிலம் தட்டையா சரிவா, பின்னர் ஓர் அறையை எந்தப் பக்கம் இறக்கலாம் என்பதை வரைபடம் கையில் கிடைக்கும் நாளிலேயே கேட்க வேண்டும்.

இல்லாத வீட்டை வரைவது

இரண்டாவது ஒப்படைக்கு மாணவி தேர்ந்தெடுத்தது தன் சின்னத் தாத்தாவின் வீட்டை. தாத்தாவின் தம்பியான அவர், 1977 வன்செயலுக்குப் பிறகு புசல்லாவையை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர். அந்த ஆண்டும் அதற்குப் பின்னரும் மலையகத்தில் இருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். காடு வெட்டி, கிணறு தோண்டி, வீடு கட்டினார். போரின் இறுதிக் கட்டத்தில் விட்டு ஓடிய வீட்டுக்குத் திரும்பியபோது கிணறு மட்டும் இருந்தது.

தொலைபேசியில்தான் வேலை நடந்தது. அவர் அடிக்கணக்கில் பேசவில்லை. “கெணத்தடியில இருந்து குசினிக்கு பதினெட்டு எட்டு” என்றார். மாணவி அவருடைய மகனிடம் சொல்லி அந்த எட்டின் நீளத்தை அளக்க வைத்தார். வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். “மாமரம் இந்தப் பக்கம் இல்லம்மா” என்று பதில் வந்தது. மரத்தை நகர்த்தினார். மரம் நகர்ந்ததும் அதன் நிழலில் இருந்த பங்கர் அவருக்கு நினைவுக்கு வந்தது. பங்கர் வந்ததும், அதற்குப் போக வசதியாகப் பின்கதவை இடம் மாற்றியதும் நினைவுக்கு வந்தது. உறுதியாகத் தெரிந்ததை முழுக்கோடாகவும், சந்தேகமானதைப் புள்ளிக்கோடாகவும் வரைந்தார். ஒவ்வொரு அழைப்பிலும் சில புள்ளிக்கோடுகள் முழுக்கோடுகளாகின. சில இன்னும் புள்ளிகளாகவே இருக்கின்றன. அவர் அழுத இரண்டு நாட்களில் மாணவி வேலையை நிறுத்திவிட்டு வேறு கதை பேசினாராம்.

உலகில் இதே முறை பெரிய விடயங்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. 2016இல் சர்வதேச மன்னிப்புச் சபையும், லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘ஃபொரென்சிக் ஆர்க்கிடெக்சர்’ ஆய்வுக் குழுவும் சிரியாவின் செய்ட்னாயா சிறையைக் கணினியில் மீளமைத்தன. வெளியார் எவரும் உள்ளே போக முடியாத சிறை அது. உயிர் தப்பி வந்தவர்கள் கட்டடக் கலைஞர்களோடு உட்கார்ந்து கதவு, படிக்கட்டு, எதிரொலி என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, மாதிரி உருவானது. கண்கள் கட்டப்பட்டிருந்தவர்கள் காதால் கேட்டதைக் கொண்டு இடத்தின் அளவைச் சொன்னார்கள். வரையும்போதே நினைவு திரும்பியது.

மாணவர்களின் ஒப்படைகள் ஒரு நகரத்தையே மீட்க உதவியதும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் போலந்தின் வார்சோ தரைமட்டமானது. போருக்கு முன்னரும் ஆக்கிரமிப்புக் காலத்திலும் வார்சோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய கட்டடங்களை அளந்து வரைந்த தாள்கள் ஒளித்துக் காப்பாற்றப்பட்டிருந்தன. பழைய நகரைத் திரும்பக் கட்டியபோது அவை முக்கிய ஆதாரமாயின. 1980இல் அந்த நகரப் பகுதியை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நமக்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் இருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்ட அந்தக் கட்டடம் இன்று மீண்டும் நிற்கிறது. அதன் மீள்கட்டுமான வரைபடங்களில் உழைத்தவர் கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா. எரிந்த ஓலைச்சுவடிகளை எந்த வரைபடத்தாலும் மீட்க முடியவில்லை. வரைபடத்தின் வலிமையும் எல்லையும் அந்த ஒரு வளவிலேயே தெரிகின்றன.

நீங்களும் வரையலாம்

இதற்குப் பட்டம் தேவையில்லை. அளவு நாடா, சதுரக்கோட்டுக் கொப்பி, பென்சில் போதும். முதலில் வெளிச்சுவர், பிறகு அறைகள், ஒவ்வோர் அறைக்கும் இரண்டு குறுக்களவு, கதவு யன்னலின் இடம், கிணறு, மரம், வேலி, பாதை ஆகியவற்றுக்கான தூரம். வடக்குத் திசையைக் குறியுங்கள். திகதியும் அளந்தவரின் பெயரும் எழுதுங்கள். இழந்த வீடு என்றால் வீட்டில் மூத்தவரை அருகில் வைத்துக்கொண்டு, தெரியாததைப் புள்ளிக்கோடாக விடுங்கள். படம் பிடித்து வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகள் வையுங்கள். இது காணி உறுதிக்கோ உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடத்துக்கோ மாற்று அல்ல. ஆனால் என்ன இருந்தது என்று யாராவது கேட்கும்போது சொல்ல ஒரு தாள் கையில் இருக்கும்.

கணினியில் செய்ய விரும்பும் இளைஞர்களுக்குச் சில தகவல்கள். ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் உருவாக்கும் ஓட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு அவற்றை இலவசமாகத் தருகிறது. ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பை இணைய உலாவியிலேயே பயன்படுத்தலாம். பிளெண்டர், லிப்ரேகேட், கிம்ப் ஆகியவை எல்லோருக்கும் இலவசம். தமிழில் பெயரிட விரும்பினால் பாமினியைத் தவிர்த்து யுனிகோட் எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். ஃபோட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ‘இஸ்தோப்பு’ என்ற சொல்லைத் தாளில் சரியாக வரவைக்க மாணவிக்கு ஒரு மாலைப் பொழுது போனது. ‘வராந்தா’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஒரு நிமிடம்.

மொரட்டுவ பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு ஐந்து ஆண்டுகள், ஆங்கில மொழிமூலம். உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. பல்கலைக்கழகம் நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது தெரியாமலே வாய்ப்பை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாடசாலைகளில் அந்த அறிவித்தலை ஒட்டிவைப்பதே ஓர் உதவி. பட்டப்படிப்புக்கு வெளியே, தொழிற்பயிற்சி நிலையங்களில் படவரைஞர் பயிற்சியும் இருக்கிறது.

மாணவியின் முன்வைப்பு முடிந்துவிட்டது. என்ன புள்ளி என்று நான் கேட்டேன். “பாஸ் அக்கா” என்று மட்டும் சொன்னார். வெறுமையாக விட்ட இரண்டு காம்பராக்களைப் பற்றித்தான் நடுவர்கள் அதிக நேரம் கேட்டார்களாம்.

ஏ1 தாளைச் சிறிதாக்கி ஏ3 அளவில் 12 பிரதிகள் எடுத்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். கடை வைத்திருப்பவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரிதான். என் பேரு எங்க?” பாதுகாப்புக்காகத்தான் பெயர் போடவில்லை என்று மாணவி விளக்கினார். அவர் கேட்கவில்லை. தன் வீட்டுப் பிரதியிலாவது எழுதித் தரச் சொன்னார்.

பேனா வாங்கி, சிவப்புக் கோடுகளுக்கு நடுவே, அவர் பெயரையும் மனைவியின் பெயரையும் மாணவி கையால் எழுதிக் கொடுத்தார். நான் அங்கிருந்து புறப்படும்போது இன்னும் நான்கு வீட்டார் தங்கள் தாளோடு வந்து நின்றார்கள். அதில் ஒருவர், உள்ளே அளக்க விடாதவர்.